எந்த மைன்?

மாங்குளம் கந்தோரில் ஒரே ஒரு மேசைவிசிறி.
செலெஸ்தீனுவின் பக்கம் அது திரும்பும்போது
தாள்கள் எழும்பும்.
என் பக்கம் திரும்பும்போது நான் வாசிப்பேன்.
முப்பத்துநாலு பக்க விதிப்புத்தகம், ஆங்கிலத்தில்.
அடுத்த மாதம் அங்கோலாவுக்குப் போக வேண்டும்,
போர்த்துக்கேயத்தில்.
அவருக்கு வேலை தெரியும். எனக்கு ஆங்கிலம் தெரியும்.
நடுவில் ஒரு கொப்பி, ஒரு அழிறப்பர்,
அவர் உரித்துப் போட்ட கச்சான் கோது.

'சார்ஜ்' என்றேன்.
எந்தச் சார்ஜ் என்றார்.
வெடிக்க வைப்பதா, பொறுப்பா, வழக்கா,
தொலைபேசிக்கு ஏற்றுவதா?
தனியாக வந்து நின்ற சொல்லிடம்
அடையாள அட்டையைக் கேட்பது போல
இருவரும் பக்கத்து வரியை விசாரித்தோம்.

பதினேழாம் பக்கத்தில் 'லீவ் இட்'.
'வெளியேறு' என்று எழுதிவிட்டார்.
இல்லை, தொடாமல் அப்படியே விடு, என்றேன்.
பென்சிலை வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார்.
இதை வாசிக்கப்போகிற ஏதோ ஒரு பெடியனின் கையை
அவர் கண்டிருக்க வேண்டும்.
லீவுக்கு எங்களிடம் விடுப்பு என்று
ஒரு சொல் இருப்பதை நான் சொல்லவில்லை.
விடுப்புக் கேட்கிறவர்கள் என்றால் இங்கே வேறு ஆட்கள்.

'ஃபீல்ட்'டில் அரை நாள் போனது.
வயலா, பந்தடிக்கிற வெளியா, வெடி புதைத்த நிலமா?
அவர் சிரித்தார். மூன்றுக்கும் அவர்களிடம்
ஒரு சொல்தானாம்.
என் காதில் 'கம்பு' என்றே விழுந்தது.
அகதி முகாமும் அதே கம்புதானாம்.
எழுதிக்கொண்டேன்.
ஒரு வருடம் எங்களுக்கும் அப்படித்தான்.
அகராதி இல்லாமல்
தறப்பாளுக்குக் கீழே இருந்து படித்தோம்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
அம்பகாமம் பக்கம், ஆறாம் ஒழுங்கை.
சிவப்பு முனைக் கம்புகளுக்கு இடையில்
சுகிர்தமலர் முழங்காலில் இருந்தாள்.
செலெஸ்தீனு பின்னால் வந்து நின்றார்.
மரியாதைக்கு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்,
நிலத்தைக் காட்டிச் சொன்னாள்:
'சேர், திஸ் மைன்.'

விசில்.
இருபத்துமூன்று பெண்கள்
இருந்த இடத்தில் இருந்தபடி.
அம்புலன்ஸ் இரைந்தது.
பாலைமரத்துக் குரங்கும் வாலை அசைக்கவில்லை
என்று பிறகு கதை கட்டினார்கள்.
அவள் மட்டும் ஒன்றும் விளங்காமல்
முகக்கவசத்துக்குள் சிரித்தபடி.

நான் ஓடவில்லை. அங்கே யாரும் ஓடக்கூடாது.
வெள்ளைக் கல் வைத்த பாதையால் நடந்து போய்க் கேட்டேன்.
'என்ர காணி எண்டுதானே சொன்னனான்' என்றாள்.
'அந்தக் கிணத்துக்கட்டில இருந்து இந்த வேலி மட்டும்.
உறுதி அவரிட்ட இருந்தது.'
அவர் எங்கே என்று கேட்கிற வழக்கம்
எங்களிடம் இல்லை.

மொழிபெயர்த்தேன்.
பதினொரு நிமிடம் வீண், என்று பதிவேட்டில் எழுதினார்.
காரணம் என்ற கட்டத்தில் பென்சில் நின்றது.
வெடி அவர்களுக்கு மீனா.
நிலம் அவர்களுக்குப் பெண்பால்;
ஆகவே என்னுடையது மீஞ்ஞா.
மூக்கால் போகிற ஒரு மூச்சு அளவு இடைவெளி.
உங்கள் மொழியில் எவ்வளவு தூரம், என்று கேட்டார்.
கண்ணிவெடி. என்னுடையது.
தூரம்தான் என்றேன். சொல்லில்.

பின்னேரம் அவளுடைய கருவி கத்தியது.
விரல் விரலாக மண்ணை வழித்தாள்,
ஒன்றேகால் மணித்தியாலம்.
துருப்பிடித்த இரும்பு. வேலிக்குக் குழி தோண்டினது.
'அலவாங்கு' என்றாள்.
'அலவாங்கா' என்றார் அவர், அதே நேரத்தில்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்,
நான் ஏதோ மொழிபெயர்க்க வேண்டும் என்பது போல.

நாளைக்கு இருபத்தொன்பதாம் பக்கம்: 'கிளியர்'.
துப்புரவாக்கியதா, விளங்கியதா, குற்றமில்லாததா?
அலவாங்கு மேசைக்குக் கீழே கிடக்கிறது.
கட்டிய துண்டில் 'பொருள்' என்று அச்சடித்திருக்கிறது.
எந்தப் பொருள் என்று அவர் கேட்கவில்லை.
அவருக்குத் தமிழ் தெரியாது.